நிரல் திருத்திச் செருகுநிரல்களின் ஆவண வடிவமைப்பு: விம் உதவிக்கோப்பு மரபை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

நிரல் எழுதுவோர் பயன்படுத்தும் உரைத் திருத்திகளுக்குப் பலரும் செருகுநிரல்களை எழுதி வெளியிடுகின்றனர். ஒரு செருகுநிரல் எவ்வளவு திறன் வாய்ந்ததாயினும், அதன் ஆவணம் படிக்கத்தக்கதாக அமையாவிடில் அது பயனரைச் சென்றடைவதில்லை. விம் என்னும் திருத்தியின் உதவிக்கோப்பு வடிவத்தை மையமாகக் கொண்டு, அதற்கு முன்னோடியாக அமைந்த ரன்ஆஃப், யுனிக்ஸ் கையேடு, ஈமேக்ஸ் ஆகிய மரபுகளையும், அதன்பின் வந்த மார்க்டவுன், நியோவிம் மாற்றங்களையும் இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. ஆவணத்தின் தோற்றத்தைக் குறிக்கும் விதிகள் கருவிகள் மாறும்போது வலுவிழக்கின்றன. பொருளைக் குறிக்கும் விதிகளோ புதிய கருவிகளிலும் பயன்படுகின்றன. ஆயினும் எழுதுவோர்மீது மிகுந்த சுமையை ஏற்றும் வடிவம் பரவுவதில்லை என்பது இக்கட்டுரையின் முடிபாகும். இம்முடிபு தமிழில் மென்பொருள் ஆவணம் எழுதும் முயற்சிக்கும் பொருந்துமாறு இறுதிப் பகுதியில் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உரைத் திருத்தி, செருகுநிரல், ஆவணமாக்கம், உதவிக்கோப்பு, விம், நியோவிம், மார்க்டவுன், ஒருங்குறி.

முன்னுரை

கணினி வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் இயந்திரங்களையும் மொழிகளையும் பற்றியே எழுதியுள்ளனர். அவற்றைப் பயன்படுத்தக் கற்றுத்தந்த கையேடுகள் எவ்வாறு எழுதப்பட்டன, எந்த வடிவில் அச்சாயின, எவ்வாறு திரையில் தோன்றின என்பன குறைவாகவே கவனிக்கப்பட்டன. கையேட்டின் வடிவமைப்பு என்பது ஒப்பனை சார்ந்தது என்னும் கருத்தே இதற்குக் காரணம் எனலாம். இக்கருத்து மறுபரிசீலனைக்கு உரியது. ஒரு கட்டளையின் பெயரைத் தேடும் பயனர் அதைக் கண்டடைகிறாரா, எடுத்துக்காட்டையும் விளக்கத்தையும் பிரித்தறிகிறாரா, பார்வைக் குறைபாடு உடையவரின் திரைபடிப்பான் பக்கத்தை ஒழுங்காகப் படிக்கிறதா, மொழிபெயர்ப்பாளர் இணைப்புகள் சிதையாமல் பெயர்க்க இயலுகிறதா ஆகிய அனைத்தும் வடிவமைப்பையே சார்ந்துள்ளன.

இவ்வாய்வுக்கு விம் திருத்தி தேர்ந்துகொள்ளப்பட்டதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று, அதன் உதவிக்கோப்பு வடிவம் எளிய உரையாலானது. எனினும் அதனுள் இணைப்பு, குறிச்சொல், எடுத்துக்காட்டு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறியீடுகள் உள்ளன. மற்றொன்று, திருத்தியின் சொந்த ஆவணமும் செருகுநிரலாசிரியர்கள் எழுதும் ஆவணமும் அங்கு ஒரே விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. ஆகவே வடிவமைப்பு விதி ஒன்றில் நேரும் மாற்றம் அத்திருத்தியைச் சார்ந்த எழுத்தாளர் அனைவரையும் பாதிக்கிறது.

1. ரன்ஆஃப் முதல் யுனிக்ஸ் கையேடு வரை

கணினி வழியாக ஆவணத்தை வடிவமைக்கும் முயற்சிகளுள் முன்னோடியாகக் கருதத்தக்கது, 1964ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரோம் சால்ட்சர் எழுதிய ரன்ஆஃப் என்னும் நிரலாகும். உரையைத் தட்டச்சு செய்து திருத்த ஒரு நிரலும், திருத்திய உரையைப் பக்கமாக அமைத்து அச்சிட மற்றொரு நிரலுமாக அவர் பணியைப் பிரித்தார். வரியின் தொடக்கத்தில் புள்ளி இருந்தால் அவ்வரி உரையன்று, வடிவமைப்புக் கட்டளை என்பது அதன் அடிப்படை விதி. உரையும் வடிவமைப்புக் குறிப்பும் ஒரே கோப்பில் அருகருகே வாழும் முறை இவ்வாறு நிலைபெற்றது.

பெல் ஆய்வகத்தில் உருவான ராஃப் என்னும் நிரல் இதன் வழிவந்தது. யுனிக்ஸ் இயங்குதளத்தின் வளர்ச்சியில் ஆவண வடிவமைப்புக்கு இருந்த பங்கு இங்குக் குறிப்பிடத்தக்கது. பிடிபி-11 என்னும் கணினியை வாங்குவதற்கு யுனிக்ஸ் குழுவினர் முன்வைத்த காரணம் புதிய இயங்குதளம் எழுதுவது அன்று; ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவினருக்கு ஆவணம் தயாரிக்கும் வசதி செய்து தருவதே ஆகும். கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் யுனிக்ஸ் நிரலர் கையேட்டின் முதற்பதிப்பு 1971 நவம்பர் 3 என்னும் நாளிட்டு வெளிவந்தது. பெயர், பயன்பாட்டு வடிவம், விளக்கம், தொடர்புடைய கோப்புகள், காண்க, குறைகள் என்னும் தலைப்புகளின்கீழ் ஒவ்வொரு கட்டளையும் அதில் விளக்கப்பட்டது. இத்தலைப்பு வரிசை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் பெரிதும் மாறாமல் வழங்கிவருகிறது. ஒரு பக்கத்தைப் படிக்கப் பழகியவர் எந்தப் பக்கத்தையும் படிக்க இயலும் என்பதே அதன் நிலைபேற்றுக்குக் காரணமாகும். மேலும், நிரலின் குறைகளை நிரலாசிரியரே தனித்தலைப்பிட்டு எழுதவேண்டும் என்னும் நேர்மையையும் அவ்வடிவம் வற்புறுத்தியது.

1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் கையேட்டுப் பக்கங்களுக்கான மேக்ரோ தொகுதி இடம்பெற்றது. அத்தொகுதியில் ஓர் சொல்லைத் தடித்த எழுத்தாக்கவும் சாய்வெழுத்தாக்கவும் கட்டளைகள் இருந்தன. ஒரு சொல் ஏன் தடித்த எழுத்தில் உள்ளது என்பதை, அதாவது அது கட்டளையா, தேர்வுக்குறியா, கோப்பின் பெயரா என்பதை, அவை பதிவு செய்யவில்லை. இக்குறையைப் போக்கும் வகையில் சிந்தியா லிவிங்ஸ்டன் வடிவமைத்த எம்டாக் தொகுதி 1990இல் பெர்க்லி யுனிக்ஸின் 4.3 ரெனோ பதிப்பில் வெளிவந்தது. அதில் தேர்வுக்குறியைத் தேர்வுக்குறி என்றும், சூழல் மாறியைச் சூழல் மாறி என்றும் எழுத்தாளர் குறிக்கவேண்டும். தோற்றத்தைத் தீர்மானிப்பது நிரலின் பொறுப்பு. பிற்காலத்தில் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் தேடல் வசதி, குறிப்பிட்ட ஒரு சூழல் மாறியை விளக்கும் பக்கங்களை மட்டும் தேடித் தரும் ஆற்றல் பெற்றது. எழுதியவர்கள் எதிர்பார்த்திராத பயன்பாட்டுக்கும் அவர்கள் இட்ட பொருட்குறிப்பு உதவியமை இதனால் விளங்கும். எனினும் லினக்ஸ் உலகில் பழைய தொகுதியே பெரிதும் தொடர்ந்தது. கற்கவேண்டிய கட்டளைகள் மிகும்போது எழுதுவோர் தயங்குவர் என்பதற்கு இது சான்றாகும்.

2. ஈமேக்ஸ்: நிரலுக்குள்ளேயே ஆவணம்

உரைத் திருத்தியும் அதன் ஆவணமும் ஒன்றாக இணைந்த மரபு ஈமேக்ஸில் தொடங்குகிறது. 1976இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ஈமேக்ஸ் உருவாயிற்று. அதன் குனு பதிப்பை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் பொதுவெளியில் வழங்கினார். தன்னைத்தானே ஆவணப்படுத்திக்கொள்ளும் திருத்தி என்னும் அடைமொழி அதற்குண்டு. ஒவ்வொரு செயற்கூறும் தன் விளக்கத்தைத் தன்னுடனேயே கொண்டிருக்கும். பயனர் கேட்கும்போது திருத்தி அவ்விளக்கத்தைக் காட்டும்.

இவ்விளக்கங்களுக்கு ஈமேக்ஸ் வகுத்த விதிகள் எளியவை. விளக்கத்தின் முதல்வரி தன்னளவில் நிறைவுற்ற ஒரு தொடராக இருக்கவேண்டும். ஏனெனில் தேடல் பட்டியலில் முதல்வரி மட்டுமே காட்டப்படும். செயற்கூறு ஏற்கும் உள்ளீடுகளின் பெயர்கள் பெரிய எழுத்துகளில் எழுதப்படவேண்டும். பிற செயற்கூறுகளின் பெயர்கள் மேற்கோளுக்குள் அமையவேண்டும். அவ்வாறு அமைந்தால் திருத்தி அவற்றை இணைப்பாக்கிவிடும். இவ்விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்பதைச் சோதிக்கவும் ஈமேக்ஸில் ஒரு கருவி உண்டு. வடிவமைப்பு விதியை நினைவூட்டும் பொறுப்பு மனிதரிடமிருந்து கருவிக்கு மாறியமை செருகுநிரல் ஆவண வரலாற்றில் ஒரு திருப்பமாகும்.

விரிவான கையேடுகளுக்கு ஸ்டால்மன் டெக்ஸ்இன்ஃபோ என்னும் வடிவத்தை உருவாக்கினார். ஒரே மூலத்திலிருந்து அச்சுநூலும் திரையில் படிக்கும் இணைப்புப் பக்கங்களும் கிடைக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். ஓர் ஆவணம் இரண்டு ஊடகங்களில் வாழவேண்டும் என்னும் சிக்கல் இணையத்துக்கு முன்னரே எழுந்துவிட்டது என்பதை இதனால் அறியலாம்.

3. விம் உதவிக்கோப்பின் அமைப்பு

பில் ஜாய் 1976இல் எழுதத் தொடங்கிய விஐ திருத்தியின் வழியில், நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார் 1988இல் அமிகா கணினிக்காகப் பணியைத் தொடங்கி 1991இல் விம் திருத்தியைப் பொதுவில் வெளியிட்டார். 2001 செப்டம்பரில் வந்த 6.0 பதிப்பு செருகுநிரல் வரலாற்றில் முதன்மையானது. செருகுநிரல்களுக்கெனத் தனி அடைவு, பயனர் கையேடு, உதவிக்கோப்புகளுக்குக் குறிச்சொல் அட்டவணை உருவாக்கும் கட்டளை ஆகியன அப்பதிப்பில் இடம்பெற்றன. இதனால் வெளியாரும் தம் செருகுநிரலுக்கு உதவிக்கோப்பு எழுதி, அதனைத் திருத்தியின் சொந்த ஆவணத்தோடு சேர்க்கும் வாய்ப்புப் பெற்றனர்.

உதவிக்கோப்பின் விதிகளை இரு வகையாகப் பகுக்கலாம். முதலாவது வகை பொருளைக் குறிப்பது. இரண்டு உடுக்குறிகளுக்கு இடையில் எழுதப்படும் சொல் குறிச்சொல் ஆகும்; பயனர் தேடும்போது சென்றடையும் இடம் அதுவே. இரண்டு நிமிர்கோடுகளுக்கு இடையில் எழுதப்படும் சொல் அக்குறிச்சொல்லுக்கான இணைப்பாகும். விருப்பத்தேர்வின் பெயர் ஒற்றை மேற்கோளுக்குள் அமையும். கட்டளையின் குறிச்சொல் முக்காற்புள்ளியில் தொடங்கும். செயற்கூற்றின் குறிச்சொல் பிறைக்குறியில் முடியும். ஆகவே ஒரே பெயரில் கட்டளையும் விருப்பத்தேர்வும் செயற்கூறும் இருப்பினும் பயனர் தமக்கு வேண்டியதைத் தனித்துத் தேட இயலும். வரியின் இறுதியில் இடம்பெறும் பெரிதெனும் குறி அடுத்து வருவது நிரல் எடுத்துக்காட்டு என்பதை உணர்த்தும்.

இரண்டாவது வகை தோற்றத்தைக் குறிப்பது. வரியின் நீளம் 78 எழுத்திடங்களுக்குள் அடங்கவேண்டும். பகுதிகளுக்கு இடையில் சமக்குறிகளாலான கோடு வரவேண்டும். குறிச்சொற்கள் வலப்புற ஓரத்தில் அமையவேண்டும். தாவல் எட்டு இடங்களைக் கொள்ளவேண்டும். 80 எழுத்திடங்களைக் கொண்ட முனையத் திரையை மனத்திற்கொண்டே இவ்விதிகள் எழுந்தன. அவ்வெண்ணும் ஐபிஎம் நிறுவனத்தின் 80 நிரல் துளையட்டையை நினைவூட்டுவது. துளையட்டை வழக்கொழிந்த பின்னரும் அதன் அகலம் ஆவணத்தில் எஞ்சியது.

உதவிக்கோப்பின் முதல்வரி தனிச்சிறப்பு வாய்ந்தது. கோப்பின் பெயரைக் குறிச்சொல்லாகவும் அதனை அடுத்து ஒருவரி விளக்கத்தையும் அது கொண்டிருக்கவேண்டும். விம் தன் முதன்மை உதவிப் பக்கத்தில், பயனரின் கணினியில் சேர்க்கப்பட்டுள்ள செருகுநிரல் ஆவணங்களின் முதல்வரிகளைத் தொகுத்துப் பட்டியலிடும். ஆதலின் முதல்வரியின் வடிவம் பிழைபட்டால் அச்செருகுநிரல் பட்டியலில் உரியவாறு தோன்றாது. ஒரு செருகுநிரலின் ஆவணத்தைச் செப்பம் செய்ய முற்படுவோர் முதலில் நோக்கவேண்டிய இடம் இதுவாகும்.

4. தோற்ற விதிகள் தளர்ந்தமை

2010 ஆகஸ்டில் வெளிவந்த 7.3 பதிப்பில் குறியீடுகளை மறைத்துக்காட்டும் வசதி வந்தது. அதன்பின் உதவிக்கோப்பைத் திறக்கும் பயனருக்கு உடுக்குறிகளும் நிமிர்கோடுகளும் புலப்படுவதில்லை. வண்ணமிட்ட சொற்களே தெரிகின்றன. படிப்போருக்கு இது நன்மை. எழுதுவோருக்கோ ஒரு சிக்கல் எழுந்தது. வெற்றிடங்களை எண்ணி வரிசைப்படுத்திய அட்டவணைகளில் இணைப்புக் குறியீடுகள் மறைந்தபோது, அவற்றை அடுத்திருந்த சொற்கள் இடப்புறம் நகர்ந்தன. நேர்க்கோட்டில் நின்ற பத்திகள் கோணலாயின. கோப்பைத் திருத்தும்போது நேராகத் தெரிவது படிக்கும்போது பிறழ்ந்து தோன்றும். பொருள்விதி இம்மாற்றத்தால் எவ்வகையிலும் பாதிக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. குறிச்சொல் மறைந்தும் குறிச்சொல்லாகவே செயற்பட்டது.

மற்றொரு சான்று கோப்பின் இறுதியில் எழுதப்படும் அமைப்புவரி. வரிநீளம், தாவலின் அகலம், கோப்பின் வகை ஆகியவற்றைத் திருத்திக்கு அறிவிக்கும் வரி அது. 2019இல் அமைப்புவரியின் வழியாகத் தீங்கிழைக்கும் கட்டளைகளை இயக்கக்கூடிய பாதுகாப்புக் குறைபாடு கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. பாதுகாப்புக் கருதி அமைப்புவரியை முற்றிலும் முடக்கிவைக்கும் பயனர்களும் உள்ளனர். ஆவணத்தின் ஒழுங்கு முழுவதையும் அவ்வொரு வரியை நம்பி அமைப்பது தக்கதன்று என்பது இதனால் தெளிவாகிறது.

மூன்றாவது சான்று இணையம். விம் ஆவணங்களை இணையப் பக்கங்களாக மாற்றும் ஆக் நிரல் ஒன்று விம் தொகுதியுடனேயே வழங்கப்பட்டது. வெற்றிடங்களும் வரிமுறிவுகளும் மாறாமல் அவ்வாறே காட்டப்படும்போது அகலத்திரையில் குறையொன்றும் இல்லை. கைப்பேசித் திரையிலோ 78 எழுத்திட வரி அடங்குவதில்லை. எழுத்து மிகச் சிறுத்துவிடும், அன்றேல் பக்கவாட்டில் நகர்த்திப் படிக்கவேண்டும். வரியைத் திரைக்கேற்ப மடிக்க வேண்டுமாயின் எது பத்தி, எது அட்டவணை, எது எடுத்துக்காட்டு என நிரல் அறியவேண்டும். வெற்றிடத்தால் மட்டும் வேறுபடுத்தப்பட்ட உரையில் இதனை ஐயமின்றி அறிய வழியில்லை. உள்தள்ளி எழுதப்பட்ட ஒரு வரி மேற்கோளாகவும் இருக்கலாம், பட்டியலின் தொடர்ச்சியாகவும் இருக்கலாம், ஆசிரியரின் விருப்பத்தால் தள்ளி எழுதப்பட்டதாகவும் இருக்கலாம். மனிதர் ஊகித்தறிவதை இயந்திரத்தால் உறுதிசெய்ய இயலாது.

5. மார்க்டவுனும் இரட்டை ஆவணமும்

2004இல் ஜான் குரூபர் மார்க்டவுன் வடிவத்தை வெளியிட்டார். மின்னஞ்சலில் மக்கள் இயல்பாக இட்டுவந்த குறிகளையே அது விதிகளாக்கியது. மூலக்கோப்பு வடிவமைக்கப்படாத நிலையிலும் படிக்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்பது அதன் குறிக்கோள். 2008இல் தொடங்கப்பட்ட கிட்ஹப் தளம், ஒவ்வொரு நிரற்களஞ்சியத்தின் முகப்பிலும் அறிமுகக் கோப்பை வடிவமைத்துக் காட்டியது. இதன் விளைவாகச் செருகுநிரலாசிரியர்கள் பலர் அறிமுகக் கோப்பையே முழு ஆவணமாகக் கொள்ளத் தொடங்கினர். 2015இல் அறிமுகமான விஷுவல் ஸ்டூடியோ கோடு திருத்தியின் நீட்சிச் சந்தையும் மார்க்டவுன் அறிமுகக் கோப்பையே நீட்சியின் முகப்புப் பக்கமாகக் காட்டுகிறது.

இம்மாற்றத்தின் நன்மை வெளிப்படையானது. செருகுநிரலை நிறுவுமுன்னரே பயனர் அதனைப் பற்றி அறிய இயலுகிறது. இழப்போ உடனடியாகப் புலப்படுவதன்று. விம் உதவிக்கோப்பில் ஒவ்வொரு விருப்பத்தேர்வுக்கும் தனிக் குறிச்சொல் உண்டு. திருத்தியை விட்டு வெளியேறாமல், இணைய இணைப்பு இன்றியும், ஒரே கட்டளையில் அவ்விடத்தை அடையலாம். மார்க்டவுன் அறிமுகக் கோப்பில் தலைப்புகளுக்கு மட்டுமே இணைப்பு இயல்பாக அமைகிறது. விம் அதனைத் தன் உதவித் தேடலில் சேர்ப்பதுமில்லை.

இரண்டையும் எழுதும் ஆசிரியருக்கு வேறொரு சிக்கல் உண்டு. ஒரே செய்தி இரண்டு கோப்புகளில் இருக்கும்போது ஒன்று திருத்தப்பட்டு மற்றொன்று விடுபடுவது இயல்பு. விருப்பத்தேர்வின் இயல்நிலை மதிப்பு அறிமுகக் கோப்பில் ஒன்றாகவும் உதவிக்கோப்பில் வேறாகவும் இருந்தால் பயனர் எதனை நம்புவது? இதற்குத் தீர்வாக ஒரு மூலத்திலிருந்து மற்றதை உருவாக்கும் கருவிகள் தோன்றின. கூகுள் நிறுவனத்தின் விம்டாக் கருவி, நிரலுக்குள் எழுதப்பட்ட குறிப்புரைகளிலிருந்து உதவிக்கோப்பை உருவாக்குகிறது. பான்விம்டாக் என்னும் கருவி, ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட பான்டாக் மாற்றியைப் பயன்படுத்தி மார்க்டவுனை உதவிக்கோப்பாக மாற்றுகிறது.

கருவியால் உருவாக்கப்படும் ஆவணத்திலும் கவனிக்கவேண்டிய குறைகள் உள்ளன. பொதுவான தலைப்புகளைக் குறிச்சொற்களாக்கும்போது, செருகுநிரலின் பெயர் முன்னொட்டாக இல்லையெனில், அவை வேறிடத்துக் குறிச்சொற்களோடு ஒன்றிப்போகும். ஒரே அடைவில் ஒரு குறிச்சொல் இருமுறை வந்தால் விம் 154 என்னும் எண்ணுடைய பிழைச்செய்தியைக் காட்டும். அகன்ற அட்டவணைகள் 78 எழுத்திடங்களில் அடங்காமல் உடையும். படங்கள் வெற்று முகவரிகளாக எஞ்சும். ஆகவே மாற்றியின் விளைவை மனிதர் ஒருமுறையேனும் படித்துச் செப்பம் செய்யவேண்டியுள்ளது.

வடிவம் செம்மையாக இருந்தும் பயனரை அடையாத ஆவணங்களும் உண்டு. 2016 செப்டம்பரில் வந்த விம் 8.0 பதிப்பு, செருகுநிரற் பொதிகளைத் தனி அடைவில் இட்டாலே இயங்கும் வசதியைத் தந்தது. ஆனால் உதவிக்கோப்பின் குறிச்சொல் அட்டவணையைப் பயனர் தனிக்கட்டளை இட்டே உருவாக்கவேண்டும். அதனை அறியாதவர் உதவி தேடினால் உதவி இல்லை என்னும் செய்தியே கிடைக்கும். ஆவணமோ அவர் கணினியிலேயே இருக்கும். நிறுவும் முறையை விளக்கும் பகுதியில் இவ்வொரு கட்டளையைச் சேர்ப்பது, பல பக்க விளக்கத்தைவிடப் பயன் மிக்கதாகும்.

6. நியோவிம்: விதிகளை இறுக்கிய சீர்திருத்தம்

2014இல் விம்மிலிருந்து பிரிந்து தோன்றிய நியோவிம், உதவிக்கோப்பு வடிவத்தைக் கைவிட்டு மார்க்டவுனுக்கு மாறியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் அவ்வடிவத்தையே ஒழுங்குபடுத்தியது. உதவிக்கோப்பின் இலக்கணத்தை ட்ரீ-சிட்டர் பகுப்பி ஒன்றுக்கு உரிய முறையில் வரையறுத்து, கோப்பைத் தொடரியல் மரமாக்கி, அம்மரத்திலிருந்து இணையப் பக்கங்களை உருவாக்கும் முறை அங்குக் கொண்டுவரப்பட்டது. 2023 ஏப்ரலில் வெளிவந்த 0.9 பதிப்பின் ஆவணங்களில், எடுத்துக்காட்டுத் தொடக்கக்குறியை அடுத்து அந்நிரல் எம்மொழியினது என்பதைக் குறிக்கும் வழக்கமும் ஏற்பட்டது. இதனால் எடுத்துக்காட்டுகள் அவ்வம்மொழிக்கு உரிய வண்ணத்தில் தோன்றுகின்றன.

நியோவிம் தன் ஆவணங்களுக்கு வகுத்துக்கொண்ட விதிகள் பழைய வடிவத்தின் கண்டிப்பான உட்பிரிவு எனலாம். பத்திகளுக்கு இடையே வெற்று வரி விடவேண்டும். பட்டியல் உறுப்புகள் உரிய குறியுடன் தொடங்கவேண்டும். காரணமின்றி உள்தள்ளி எழுதுதல் கூடாது. இடவமைப்பு மாறாமல் காட்டவேண்டிய பகுதி எடுத்துக்காட்டுக் குறிகளுக்குள் வைக்கப்படவேண்டும். இவற்றைப் பின்பற்றிய பக்கம் திரையின் அகலத்துக்கேற்ப மடிந்து ஒழுகும். பின்பற்றாத பக்கம் பழையபடி நிலையான அகலத்திலேயே நிற்கும். முன்பு வெற்றிடத்தின் அளவுக்கு ஏற்றப்பட்டிருந்த பொருட்சுமை, இச்சீர்திருத்தத்தால் வெளிப்படையான குறிகளுக்கு மாற்றப்பட்டது. பல ஆண்டுகளாக எழுதப்பட்ட கோப்புகளை ஒரே நாளில் மாற்றவேண்டிய கட்டாயம் இல்லாமல், கோப்புக்குக் கோப்பு படிப்படியாக மாறும் வழியும் இதில் உண்டு.

இதே காலத்தில் ஆவணம் தோன்றும் இடமும் மாறியது. 2016இல் அறிவிக்கப்பட்ட மொழிச்சேவை நெறிமுறையின்படி, சுட்டியின்கீழ் உள்ள பெயரின் விளக்கம் சிறு மிதவைச் சாளரத்தில் காட்டப்படுகிறது. அந்நெறிமுறை வெற்றுரையையும் மார்க்டவுனையும் ஏற்கிறது. சில வரிகளே அடங்கும் அச்சாளரத்தில் முதல்தொடர் தெளிவாக இல்லையெனில் விளக்கம் பயனற்றுப்போகும். ஈமேக்ஸ் மரபு வகுத்த முதல்வரி விதி புதிய சூழலில் மீண்டும் தேவைப்படுவதை இங்குக் காணலாம்.

7. மொழிபெயர்ப்பும் தமிழும்

விம் உதவி அமைப்பு மொழிபெயர்ப்புக்கும் இடமளிக்கிறது. மொழியின் ஈரெழுத்துக் குறியீடு கோப்பின் பின்னொட்டில் இடம்பெறும்; ஒவ்வொரு மொழிக்கும் தனிக் குறிச்சொல் அட்டவணை அமையும்; பயனர் தம் விருப்பமொழியை அறிவித்தால் அம்மொழி ஆவணம் முதலில் தோன்றும்; அம்மொழியில் இல்லாத குறிச்சொல்லுக்கு ஆங்கில ஆவணம் காட்டப்படும். குறிச்சொற்களை மொழிபெயர்க்காமல் விளக்கத்தை மட்டும் பெயர்ப்பதே வழக்கு. ஜப்பானிய மொழியில் விம் ஆவணங்கள் இம்முறையில் பெயர்க்கப்பட்டுள்ளன. ஒரு மொழிக்குரிய கோப்புகள் வெவ்வேறு குறிமுறைகளில் இருந்தால் திருத்தி பிழைச்செய்தி தரும் என்பதும் மொழிபெயர்ப்பாளர் அறியவேண்டியது.

தமிழில் இவ்வாறு எழுத முற்படும்போது, தோற்றவிதிகளின் எல்லை மேலும் தெளிவாகப் புலப்படுகிறது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் உயிர்மெய் எழுத்து, மெய்யின் அடிப்படை வடிவமும் உயிர்க்குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. சான்றாகத் ‘தொகுப்பு’ என்னும் சொல்லில் தமிழ் மரபுப்படி நான்கு எழுத்துகள் உள்ளன. ஒருங்குறிக் கணக்கில் எட்டுக் குறியிடங்கள். யூடிஎஃப்-8 குறிமுறையில் 24 பைட்டுகள். திரையில் அது கொள்ளும் அகலமோ இம்மூன்றோடும் ஒத்துவராமல் எழுத்துருவைப் பொறுத்து வேறுபடும். ஓர் எழுத்துக்கு ஓரிடம் என்னும் ஆங்கிலத் தட்டச்சுக் கணக்கின்மீது எழுந்த 78 எழுத்திட விதியும், வெற்றிடத்தால் அமைத்த அட்டவணையும் தமிழுரைக்குப் பொருந்தாமை இதனால் விளங்கும். பொருட்குறிகளோ தமிழுரையிலும் மாற்றமின்றிச் செயற்படும். ஆகவே தமிழில் செருகுநிரல் ஆவணம் எழுதுவோர் வெற்றிட அட்டவணையைத் தவிர்த்து, விருப்பத்தேர்வு ஒவ்வொன்றையும் தனிக் குறிச்சொல்லும் பத்தியுமாக அமைப்பதே ஏற்றது. நியோவிம் வகுத்த ஒழுகு வடிவம் இந்நோக்கில் தமிழுக்கு இயைபுடையதாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, ஆவண வடிவமைப்பு விதி ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு கருவியின் எல்லையிலோ, படிப்பவரின் தேவையிலோ தோன்றியது. கருவியின் எல்லையில் தோன்றிய விதிகள் அக்கருவி மாறும்போது இடையூறாகின்றன; படிப்பவரின் தேவையில் தோன்றிய விதிகள் நிலைக்கின்றன. 1971ஆம் ஆண்டுக் கையேட்டின் தலைப்பு வரிசையும், ஈமேக்ஸின் முதல்வரி விதியும், விம்மின் குறிச்சொல்லும் பின்னவற்றுக்குச் சான்றுகள்.

இரண்டாவது, பொருட்குறிப்பு மிகுந்த வடிவமே எப்போதும் வெல்லும் எனக் கூறுவதற்கில்லை. எம்டாக் அளித்த நுண்மையைப் பலர் ஏற்கவில்லை. மார்க்டவுனின் எளிமையைப் பலர் ஏற்றனர். எழுதுவோர் பெரும்பாலும் ஊதியமின்றித் தம் ஓய்வு நேரத்தில் எழுதும் செருகுநிரல் உலகில், அவர்மீது ஏற்றப்படும் சுமைக்கு ஓர் அளவுண்டு. நியோவிம் சீர்திருத்தம் புதிய வடிவத்தைத் திணிக்காமல், பழகிய வடிவத்திலிருந்த ஐயத்துக்கிடமான கூறுகளை மட்டும் நீக்கியமை இக்காரணத்தால் கருதத்தக்கது.

மூன்றாவது, ஒரு செருகுநிரலின் ஆவணத்தைச் செப்பம் செய்வோர்க்கு இவ்வரலாறு ஒரு வரிசையைக் காட்டுகிறது. கோப்பின் முதல்வரி சரியாக உள்ளதா, ஒவ்வொரு கட்டளைக்கும் விருப்பத்தேர்வுக்கும் செருகுநிரற் பெயரை முன்னொட்டாகக் கொண்ட குறிச்சொல் உள்ளதா, எடுத்துக்காட்டுகள் உரிய குறிகளுக்குள் உள்ளனவா, குறிச்சொல் அட்டவணை உருவாக்கும் முறை கூறப்பட்டுள்ளதா என்பன முதலில் நோக்கப்படவேண்டும். கோடுகளும் ஓரங்களும் அவற்றுக்குப் பின்னரே கருதத்தக்கவை.

பிராம் மூலனார் 2023 ஆகஸ்ட் 3 அன்று மறைந்தார். அவர் வகுத்த உதவிக்கோப்பு வடிவில், உலகின் பல பகுதிகளைச் சேர்ந்தோர் இன்றும் தம் செருகுநிரல்களுக்கு ஆவணம் எழுதிவருகின்றனர். அவ்வடிவம் தமிழுக்கும் இடம் வைத்துள்ளது. விம்மின் ஆவணங்களை ஒழுகு வடிவில் தமிழாக்கும் முயற்சியும், கணினித்தமிழ்ப் பாடத்திட்டங்களில் ஆவணமாக்கத்துக்கு உரிய இடமளித்தலும் இத்துறையில் மேற்கொள்ளத்தக்க அடுத்த பணிகளாகும்.